பழைய மோட்டார்: பழுது பார்ப்பதா, எடைக்குப் போடுவதா?

கொல்லம்: மே மாதம் பாதி கழிந்துவிட்டால் நீண்டகரை, சக்திகுளங்கரைப் பக்கத்து மோட்டார் கொட்டகைகளில் நிற்க இடம் இருக்காது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்களுக்குக் கேரளக் கடலில் விசைப்படகுகளின் இழுவலைக்குத் தடை. பெரிய படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்க, அவுட்போர்டு மோட்டார் மாட்டிய வள்ளங்கள் மட்டும் மழைக்காலத்துச் சாளையையும் அயிலையையும் நம்பிக் கடலில் இறங்கும். வருஷம் முழுவதும் பட்ட கடனை அடைக்க அவர்களுக்குக் கிடைக்கும் நாட்கள் இவைதான். அதற்குள் மோட்டார் தயாராக வேண்டும்.

கொட்டகைக்கு வருகிற மோட்டார்களில் புதியவை சில. பெரும்பாலானவை வயதானவை. சுமந்து வருகிறவர்களில் குளச்சல், முட்டம், கடியப்பட்டணம் பகுதிகளிலிருந்து இங்கே தொழிலுக்கு வந்த நம்மவர்களும் உண்டு. மெக்கானிக்கின் முன்னால் இறக்கிவைத்துவிட்டு அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "ஆசானே, இது தேறுமா?"

கடலுக்குப் போகாதவர்களுக்கும் இந்தக் கேள்வியில் பங்கு உண்டு. கொல்லத்திலும் எர்ணாகுளத்திலும் ஆபீஸ் வேலை பார்க்கும் எத்தனையோ பேர், கடற்கரையில் இருக்கும் தம்பிக்கோ மச்சானுக்கோ மோட்டார் வேலைக்கென்று பணம் கொடுத்தவர்கள்தான். பிராவிடண்ட் பண்டில் கடன் எடுத்துக் கொடுத்தவர்களும் உண்டு. கொடுக்கும்போது "ஐயாயிரத்தில் முடிந்துவிடும்" என்பார்கள். அது எங்கே போய் முடிந்தது என்று பிறகு கேட்பதற்கே சங்கடமாக இருக்கும். பணத்தை நீட்டுவதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் இருவருக்கும் நல்லது.

நாட்டு வள்ளத்துக்கு மோட்டார் வந்த கதை ரொம்பப் பழையதல்ல. 1953-ல் நீண்டகரையில் இந்திய - நார்வே திட்டம் தொடங்கியபோது இருந்த வள்ளங்களுக்கே எஞ்சின் வைத்துப் பார்க்கத்தான் முயன்றார்கள். அது சரிப்படாமல் புதுப் படகுகள் கட்டினார்கள். வெளியே மாட்டிக் கழற்றும் மோட்டார் இந்தக் கரையில் பரவியது 1980-களின் தொடக்கத்தில்தான். துடுப்புப் போட்டவன் கையில் கயிறு வந்தது. கூடவே செலவும் வந்தது.

மேலேயா, கீழேயா?

அவுட்போர்டு மோட்டாரை மனிதனைப் போலத் தலை, கால் என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் விஷயம் சுலபமாகும். சிலிண்டர், பிஸ்டன், கிராங்க் ஷாப்ட் எல்லாம் தலையில் இருக்கின்றன. கீழே தண்ணீருக்குள் நிற்கும் கால், கியரையும் விசிறியையும் தாங்குகிறது. கோளாறுகள் எத்தனை என்று எண்ணுவதைவிட அவை தலையிலா, காலிலா, வெளி உறுப்பிலா என்று பார்ப்பதே முக்கியம். கார்புரேட்டர் அடைப்பு, பிளக், கயிறு, பெட்ரோல் குழாய், தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் என்று பத்துக் கோளாறு சேர்ந்தாலும் மோட்டார் பிழைத்துக்கொள்ளும். தலையில் ஒன்று போனாலும் கதை வேறு.

பார்த்த மாத்திரத்தில் ஏமாறுகிற இடமும் இதுதான். பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருக்கும் மோட்டார் உள்ளே வெந்து போயிருக்கலாம். மூடி உடைந்து, உப்புப் பூத்து, பார்க்கச் சகிக்காத மோட்டாருக்கு இதயம் நன்றாக இருக்கலாம். ஆகவே முதலில் அமுக்கம் பார்க்க வேண்டும். எல்லாப் பிளக்கையும் கழற்றி, அந்தத் துளையில் அமுக்கமானியைத் திருகி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்துவைத்து, கயிற்றை நாலைந்து முறை பலமாக இழுத்தால் முள் ஓரிடத்தில் நிற்கும். அடுத்த சிலிண்டரிலும் அதே மாதிரி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் நல்ல அடையாளம். நூற்றுக்குப் பத்துப் பங்கு வித்தியாசம் பொறுக்கலாம். ஒன்று 100 பவுண்டும் மற்றது 60 பவுண்டும் காட்டினால் ரிங், பிஸ்டன், கேஸ்கட் என்று எங்கோ பெரிய சேதம். பத்து நிமிஷ வேலை இது. இதைச் செய்யாமல் கொட்டேஷன் சொல்கிறவரிடம் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. நம் கரையில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை மண்ணெண்ணெய் மோட்டார்கள். மண்ணெண்ணெய் அதிக அமுக்கம் தாங்காது, தட்டும். அதனால் அந்த மாடல்களைக் குறைந்த அமுக்கத்துக்கே அமைத்திருக்கிறார்கள். பெட்ரோல் மோட்டாரின் கணக்கை வைத்துக்கொண்டு "அமுக்கம் இல்லை, தலையை மாற்று" என்று சொன்னால் நம்பிவிடக் கூடாது. எவ்வளவு என்பதைவிட, இரண்டும் சமமா என்பதே கேள்வி.

மண்ணெண்ணெய் மோட்டாருக்கு உரிய நோயும் ஒன்று உண்டு. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பிச் சற்று நேரம் ஓட்டுவது முறை. கரை வந்த அவசரத்தில் கடைசிப் பாதியை மறந்துவிடுகிறார்கள். மண்ணெண்ணெய் கார்புரேட்டரிலேயே தங்கி மறுநாள் கயிறு இழுத்துக் கை ஓய்கிறது. கரியும் சேர்கிறது. மோட்டார் செத்துவிட்டது என்று கொண்டுவரப்படுபவற்றில் சில, கரி நீக்கிக் கழுவி எடுத்தாலே உயிர் பெறுகின்றன.

எண்ணெய் சொல்லும் சேதி

காலைப் பார்க்கக் கருவியே தேவையில்லை. கியர் பெட்டியின் அடித் திருகைக் கழற்றி எண்ணெயை ஒரு கிண்ணத்தில் பிடித்தால் போதும். மோர் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. சீல் போயிருக்கும். சீல் விலை பெரிதல்ல. ஆனால் எவ்வளவு நாளாகத் தண்ணீர் நின்றது என்று கேட்க வேண்டும். எண்ணெயில் இரும்புத் துகள் மின்னினால் கியரே தேய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கியர் செட்டும் பேரிங்கும் விலை உள்ளவை.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது கொல்லத்து வள்ளங்கள் லாரியில் ஏறிச் செங்கன்னூர் வரை போய் ஆட்களை மீட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கடலில் ஓட வேண்டிய விசிறிகள் மதில்களுக்கும் கேட்டுகளுக்கும் மேலே ஓடின. அப்படி அடிபட்ட காலில் விசிறி மட்டும் வளைந்ததா, ஷாப்ட்டும் வளைந்ததா என்பதே கேள்வி. விசிறியைக் கையால் மெதுவாகச் சுற்றும்போது ஷாப்ட்டின் முனை ஆடினால் விசிறி மாற்றிப் பிரயோசனமில்லை.

சிலிண்டர் தலையில் பெயிண்ட் கொப்புளித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கொப்புளித்திருந்தால் என்றோ தண்ணீர் ஓட்டம் நின்று சூடேறியிருக்கிறது. இந்த மோட்டார்கள் கடல் தண்ணீரையே உறிஞ்சிக் குளிர்கின்றன. நன்னீரில் ஓட்டிக் கழுவாவிட்டால் உள்வழிகளில் உப்பு இறுகிவிடும்.

வயதான மோட்டாரில் கணக்கைப் பொய்யாக்குவது போல்ட்டுகள். அலுமினிய உடலில் ஸ்டெயின்லெஸ் போல்ட் வருஷக்கணக்கில் உப்புக்காற்றில் இருந்தால் இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். திருகினால் தலை முறியும். முறிந்ததைத் துளைத்து எடுத்துப் புது மரை போடுவதற்கு ஒரு பகல் போகும். நூறு ரூபாய் கேஸ்கட் மாற்றப்போய் நாலு போல்ட் முறிந்தால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். "திறந்து பார்த்துச் சொல்கிறேன்" என்று மெக்கானிக் சொன்னால், திறக்க எவ்வளவு, திறந்தபின் வேண்டாம் என்றால் திரும்ப மூடித் தர எவ்வளவு என்று அப்போதே பேசிக்கொள்வது நல்லது.

தண்ணீரில் விழுந்தது

வள்ளம் கவிழ்ந்து மூழ்கிய மோட்டார் வேறு வகை. நின்றிருந்தபோது மூழ்கியதா, ஓடிக்கொண்டிருந்தபோதா என்பதே முதல் கேள்வி. ஓட்டத்தில் தண்ணீரை உறிஞ்சியிருந்தால் உள்ளே தண்டு வளைந்திருக்கலாம். கயிற்றை மெதுவாக இழுக்கும்போது எங்காவது தடுத்தால் பலம் காட்டக் கூடாது. தடங்கல் இல்லையானால் நன்னீரில் கழுவி, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்து, எண்ணெய் விட்டு, அன்றே ஓடவிட வேண்டும். அன்று முடியாதென்றால் நன்னீர்த் தொட்டியிலேயே மூழ்கவைத்திருப்பது மேல். வெளியே எடுத்து வெயிலில் காயவைக்கிறார்கள் பாருங்கள், துருவுக்கு விருந்து வைப்பது அதுதான்.

கணக்கு

இயந்திரம் நன்றாக இருந்து உதிரிப்பாகம் இல்லையென்றாலும் பயன் இல்லை. எவின்ரூட், ஜான்சன் என்ற பெயர்கள் ஒரு காலத்தில் கடற்கரையெங்கும் கேட்டவை. அவற்றைத் தயாரித்த அமெரிக்கக் கம்பெனி 2000-ம் ஆண்டு திவாலாயிற்று. பிறகு அந்தப் பெயரை வாங்கிய கனடாக் கம்பெனியும் 2020-ல் எவின்ரூட் தயாரிப்பை நிறுத்திவிட்டது. நல்ல நிலையில் கிடைத்தாலும் அதை வாங்குகிறவர், பாகம் எடுக்க இன்னொரு செத்த மோட்டாரையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். யமஹா, சுசூகிக்கு அந்தக் கஷ்டம் குறைவு. எதுவானாலும் தகட்டிலுள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போய்க் கடையில் விசாரித்த பிறகே விலை பேசுவது முறை.

புது மோட்டார் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழையதின் விலையும் பழுதுச் செலவும் சேர்ந்து ஐம்பதைத் தாண்டினால் விட்டுவிட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கெட்ட கணக்கல்ல. ஆனால் அதில் இரண்டு விட்டுப்போகின்றன.

ஒன்று, மண்ணெண்ணெய். வள்ளத்தையும் மோட்டாரையும் அதிகாரிகள் கூட்டுப் பரிசோதனை செய்த பிறகே கேரளத்தில் பெர்மிட் தருகிறார்கள். அதில் மோட்டாரின் வயதுக்கு வரம்பு உண்டு. வயது கடந்த மோட்டார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் வெளிச் சந்தை விலையில்தான் குடிக்கும். 2022-ல் மண்ணெண்ணெய் விலை ஏறியபோது வள்ளக்காரர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். மோட்டாரின் பில் யார் பெயரில் இருக்கிறது, எந்த வருஷத்தது என்று பார்க்காமல் வாங்குகிறவர் சல்லிசாக வாங்கித் தினமும் அபராதம் கட்டுவது போலத்தான்.

மற்றது, அது எங்கே ஓடப்போகிறது என்பது. இதைப் பலர் கேட்பதில்லை. ஒரு கொட்டகையில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு மோட்டார்களைப் பார்த்தால் விளங்கும். ஒன்று 40 குதிரைசக்தி, நீலப் பெயிண்ட் புத்தம் புதிதாக மின்னியது. இரண்டாவது 9.9 குதிரைசக்தி, பதினொரு வயது, இரண்டு சீசனாகச் சாய்ப்பில் கிடந்தது. திருப்பும் தண்டு இறுகி, மூடி உடைந்து, அடியில் மோர் எண்ணெய். முட்டத்துக்காரர் ஒருவர் பங்காளிகளோடு சேர்ந்து பெரியதை வாங்க வந்திருந்தார். அட்வான்சுக்குக் கொல்லத்தில் குமாஸ்தாவாக இருக்கும் அண்ணன் பணம் கொடுத்திருந்தார்.

அமுக்கமானி வைத்ததும் பெரியதின் இரண்டு சிலிண்டர்களும் இரண்டு பாஷை பேசின. ஏற்கெனவே ஒருமுறை போர் செய்து பெரிய அளவு பிஸ்டன் போட்டது என்பதும் தெரிய வந்தது. புதுப் பெயிண்டைச் சுரண்டினால் அடியில் கொப்புளம். சிறியதில் இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நின்றன. சீல், இம்பெல்லர், கார்புரேட்டர் கழுவல், தண்டுக்குச் சூடு காட்டிக் கிரீஸ், அவ்வளவே வேலை. பெரியதை விட்டுவிட்டுச் சிறியதை எடுக்க முடிவாயிற்று. அண்ணனுக்குப் பாதிப் பணம் திரும்பியது.

ஆனால் அதோடு பேச்சு முடியவில்லை. ஜூன் கடலுக்கு இந்த ஒன்றை மட்டும் நம்பிப் போவேன் என்றார் தம்பி. வேண்டாம் என்றார் மெக்கானிக். காயலில் நின்றுபோனால் துடுப்புப் போட்டுக் கரை சேரலாம். அழிமுகத்தில் அலை புரளும் இடத்தில் நின்றுபோனால் வள்ளம் அலைக்குப் பக்கவாட்டில் திரும்பும், பிறகு யோசிக்க நேரம் இருக்காது. பழுது பார்த்த பழைய மோட்டார் இரண்டாவது மோட்டாராக வள்ளத்தில் இருக்கட்டும், ஒரு மாதம் காயலில் ஓடிப் பெயர் எடுக்கட்டும் என்பது அவர் சொன்ன யோசனை. தம்பிக்கு முகம் சுருங்கியது. சீசனில் ஒரு மாதம் என்பது அவருக்குச் சிறிய விஷயமல்ல. வட்டிக்கு வாங்கிய பாதிப் பணம் காத்திருக்காது.

அண்ணன் அன்று அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். திரும்பி வந்த பணத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. முன் மோட்டாரோடு போகும் இன்னொரு வள்ளத்தில் இந்தச் சீசன் மட்டும் பங்கு ஆளாகப் போகும்படி தம்பியிடம் சொன்னார். இந்த மாத வட்டியைத் தானே கட்டுவதாகவும் ஒப்புக்கொண்டார். பழைய 9.9-ஐத் தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் இறக்கி, ஏழாவது இழுப்பில் ஸ்டார்ட் செய்தார்கள். பக்கத்துக் குழாயிலிருந்து தண்ணீர் நூல் பிடித்தாற்போல் வெளியே பாய்ந்தது. நிறுத்துவதற்கு முன் மறக்காமல் பெட்ரோலுக்கு மாற்றினார் தம்பி.