சங்கிலியில்லாச் சைக்கிள்

சைக்கிள் சங்கிலியில் வேட்டி சிக்கி, கருத்த எண்ணெய்க் கறையோடு வீடு திரும்பிய அநுபவம் நம் அங்கத்தினர் பலருக்கும் உண்டு. சங்கிலியே இல்லாமல் வண்டி ஓடலாகாதா என்று அப்பொழுது தோன்றியிருக்கும். அவ்வாறு எண்ணிய மேனாட்டார் சிலர், எண்ணியதோடு நில்லாமல் வண்டியைச் செய்து விற்கவும் செய்தனர். அவ்வரலாறு, கருவி வாங்கும் எவரும் அறியத்தக்கது.

1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த 'ரோவர்' வண்டியே இன்றைய சைக்கிளுக்கு முன்மாதிரி. அதன் பின்சக்கரத்தைச் சுழற்றியது சங்கிலி. மூடியில்லாத சங்கிலியில் புழுதியும் சேறும் படிந்தன. பெண்களின் நீண்ட பாவாடை அதில் சிக்கியது. இதற்கு மாற்றாக, 1890-களில் அமெரிக்காவின் போப் கம்பெனி 'கொலம்பியா செயின்லெஸ்' என்னும் வண்டியைக் கொணர்ந்தது. 1898-இல் அதன் விலை 125 டாலர். அக்கம்பெனியின் சங்கிலி வண்டியோ 75 டாலர்தான்.

அதன் அமைப்பு இது: மிதியின் அச்சில் சரிவாகப் பல் வெட்டிய சக்கரம் ஒன்று இருக்கும். அது ஓர் எஃகுத் தண்டின் முனையிலுள்ள பற்சக்கரத்தைச் சுழற்றும். தண்டின் மறுமுனையில் அத்தகைய மற்றோர் இணை பின்சக்கரத்தைச் சுழற்றும். யாவும் உறைக்குள் இருப்பதால் புழுதியும் இல்லை, கறையும் இல்லை.

பின் ஏன் அது நிலைக்கவில்லை? விசை இருமுறை திசை திரும்புகையில் உராய்வினால் காலின் உழைப்பு ஓரளவு வீணாகிறது. பற்கள் மயிரிழை பிசகினாலும் இறுகும், அல்லது அரைபடும். அவற்றைச் செம்மையாக வெட்டுவதற்குச் செலவு மிகுதி. டயர் பஞ்சரானால் பின்சக்கரத்தைக் கழற்றுவதும் தொல்லையே. சங்கிலியின் பளுவையோ பல பற்கள் பகிர்ந்து தாங்குகின்றன. 1999-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சோதனையில், நல்ல நிலையிலுள்ள சங்கிலி 98.6 சதவிகிதம் வரை விசையைக் கடத்தியது. வேட்டியைக் காக்க ஒரு தகர மூடியே போதுமானதாயிற்று.

தண்டு அடியோடு மறைந்துவிடவில்லை. 1923-இல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி தன் மோட்டார் சைக்கிளில் அதனை அமைத்தது. எஞ்சினுக்குச் சிறு விரயம் பொருட்டன்று; மனிதக் காலுக்கோ அது பெரிது. இக்காலத்தில் எண்ணெய் வேண்டாத பல்வார் பூட்டிய சைக்கிள்களும் வந்துள்ளன. ஆயினும் அவ்வாரைப் பெரும்பாலும் பிரித்து இணைக்க இயலாது. அத்தகைய வாரை மாட்டப் பொதுவாகச் சட்டத்திலேயே ஒரு திறப்பு வேண்டும். சங்கிலி அறுந்தாலோ, ஒரு கண்ணியை நீக்கி ஆணியடித்துத் தெருவோரக் கடைக்காரர் சேர்த்துவிடுவார்.

சங்கப் பணத்தில் புதுக் கருவி வாங்குமுன், 'இது எளிதில் கெடாதா?' என்று மட்டும் கேட்டு நின்றுவிடுகிறோம். 'கெட்டால் நம்மூரில் யார் செப்பனிடுவார்? உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும்?' என்பவற்றையும் கேட்டுத் தெளிந்த பின்னரே தீர்மானத்தில் கையொப்பமிடுதல் நலம்.