துருக்கிய–ஜேர்மானிய றாப்பும் றோமா நடன இசையும்

கலைவடிவங்களின் கலப்பைப் பற்றி எழுதுவோர் அதனைப் பண்பாடுகளின் இனிய சந்திப்பென்றே பெரும்பாலும் வருணிப்பர். எத்தகைய சமூக உறவுகளின் மத்தியில் அச்சந்திப்பு நிகழ்கின்றது என்ற வினா அவ்வருணனையில் மறைந்துவிடுகின்றது.

1961 ஒக்ரோபரில் மேற்கு ஜேர்மனியும் துருக்கியும் செய்துகொண்ட ஒப்பந்தம் உழைப்பாளரையே அழைத்தது, குடிமக்களை அன்று. 1973இல் ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்ட பின்னரும் குடும்பங்கள் வந்துசேர்ந்தன. அங்கு வளர்ந்த தலைமுறை, தான் வளர்ந்த மண்ணிலேயே அந்நியமாகக் கணிக்கப்பட்டது. 1992இல் மோல்ன் நகரிலும் 1993இல் சோலிங்கனிலும் துருக்கியக் குடும்பங்களின் வீடுகளுக்குத் தீயிடப்பட்டதில் எண்மர் மாண்டனர். 1995இல் வெளிவந்த ‘கார்ட்டெல்’ இசைத்தொகுப்பு அக்கொதிப்பின் குரலாகும். அமெரிக்கக் கறுப்பின இளைஞரிடையே தோன்றிய வடிவமும் துருக்கிய மொழியும் நாட்டார் இசைக்கருவிகளின் ஒலியும் அதில் இணைந்தன.

துருக்கியின் றோமா இசைஞரோ நெடுங்காலமாகப் பிறர் வீட்டுத் திருமணங்களிற் கூலிக்கு வாசித்து வந்தவர்கள். கிளாரினற்றும் தர்புகா என்னும் தோற்கருவியும் முன்னிற்கும் அவர்களது நடன மெட்டு, ‘றோமன் ஹவாசி’, ஒன்பது அட்சரம் கொண்டது. பொதுவாக 2+2+2+3 எனப் பிரியும். இறுதியில் வரும் அந்த மூன்றிலேதான் ஆடுபவரின் இடை அசைகின்றது. றாப் பெரும்பாலும் நான்கு அட்சரச் சட்டகத்தினுள் நிற்பது. ஆகவே இவற்றின் இணைப்பு வெறும் ஒட்டுவேலையாக இருக்க முடியாது. ஒன்றில், பாடுபவர் தமது சொல்லடியை ஒன்பதுக்கு நீட்டவேண்டும். அன்றேல், கிளாரினற்றின் ஒரு துணுக்கை வெட்டியெடுத்து நான்கின்மேல் ஏற்றவேண்டும். பின்னையது இலகுவானது, சந்தைக்கும் உகந்தது. ஆனால் அங்கு நடனம் இறந்து, அதன் நிறம் மட்டுமே எஞ்சுகின்றது என்பது எனது கருத்து.

இதனிலும் ஆழமான முரண்பாடொன்று உண்டு. ஜேர்மனியில் இனவாதத்துக்கெதிராக எழுந்த ‘கார்ட்டெல்’லைத் துருக்கியிற் கடுந் தேசியவாதிகள் தமதாக்கி வரவேற்றனர். அவர்களது ‘நாம்’ என்பதனுள் றோமாவின் கிளாரினற்றுக்கு இடமுண்டு, றோமாவுக்கு இல்லை. இஸ்தான்புல்லின் பழைய றோமாக் குடியிருப்பான சுலுக்குலே, ‘நகரப் புதுப்பித்தல்’ என்ற பெயரில் 2008, 2009 ஆண்டுகளில் இடிக்கப்பட்டது. மாடிவீடுகளை விலைகொடுத்து வாங்க இயலாதோர் வெளியேறினர். அவ்விடத்து இளைஞரின் ‘தஹ்ரிபாத்-ஈ இஸ்யான்’ குழு, அந்த இடிப்பையே றாப்பின் பொருளாக்கிற்று. ஹலில் அல்துந்தெரே 2013இல் அவர்களைக் கொண்டு ஆக்கிய ‘வொண்டர்லாண்ட்’ காணொளியில், பாடலின் கோபம் அந்நிய நாட்டு அரசை நோக்கியதன்று. தம் நகரத்தில் நிலத்தை விற்போரை நோக்கியது.