குழந்தையின் வலிக்கும் ஒரு கணக்கு உண்டு

காரிமங்கலத்தில் வசிக்கும் என் பேரனுக்கு ஐந்து வயது. அடிக்கடி தொண்டைத் தொற்று, இரவில் குறட்டை, மூச்சுத் திணறல். டான்சில் எனப்படும் தொண்டைச் சதையை அகற்றிவிடுவதே நல்லது என்றனர் மருத்துவர்கள். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுநாளே வீடு திரும்பினான்.

ஐந்தாம் நாள்தான் சோதனை தொடங்கியது. ஒரு வாய்த் தண்ணீரும் விழுங்க மறுத்தான். காதைப் பிடித்துக்கொண்டு அழுதான். தொண்டையின் இருபுறமும் வெள்ளைப் படலம். சீழ் பிடித்துவிட்டது என்று வீடே கலங்கியது. 'புண் ஆறும்வரை எதுவும் கொடுக்காதீர்கள்' என்று அக்கம்பக்கத்தில் யோசனை கூறினர்.

தருமபுரிக்கு அழைத்துச் சென்று காட்டியபோதுதான் விவரம் புரிந்தது. சதையை அகற்றிய இடத்தில் தையல் கிடையாது. திறந்த புண் தானாகவே ஆற வேண்டும். வெள்ளைப் படலம் சீழ் அல்ல, ஆறும் புண்ணின் பொருக்கு. தொண்டைக்கும் காதுக்கும் பொதுவான நரம்பு இருப்பதால் காது வலிக்கிறது. வலி நாளுக்கு நாள் சீராகக் குறைவதும் இல்லை. பொருக்கு உதிரும் நாள்களில் மீண்டும் கூடலாம். இரண்டு வாரம் வரை நீடிக்கலாம். விழுங்காமல் இருந்தால் தொண்டை வறண்டு வலி மிகும். உடலில் நீர்ச்சத்தும் குறையும்.

எங்கள் பிழை வேறிடத்தில் இருந்தது. மருந்துச் சீட்டில் பாராசிட்டமால் 5 மி.லி. என்றிருந்தது. அது 5 மி.லி.யில் 250 மில்லிகிராம் உள்ள மருந்துக்கான அளவு. கடையில் தந்ததோ 5 மி.லி.யில் 120 மில்லிகிராம் மட்டுமே உள்ள புட்டி. பொதுவாக ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் தேவை. 16 கிலோ எடையுள்ள பேரனுக்குப் பாதி அளவே கிடைத்துவந்திருக்கிறது. இதுவே தலைகீழாக நடந்திருந்தால் இரு மடங்கு மருந்து உள்ளே போயிருக்கும்; அளவு மீறிய பாராசிட்டமால் கல்லீரலைப் பாதிக்கும். எனவே புட்டியின் மேலுள்ள மில்லிகிராமைப் படிப்பதும், சமையலறைக் கரண்டியை விடுத்து அளவுக் குப்பியில் ஊற்றுவதும் கட்டாயம்.

இன்னொரு பிழை, குழந்தை அழுத பிறகே மருந்து கொடுத்தது. முதல் சில நாள்களுக்கு, மருத்துவர் கூறிய இடைவெளியில், மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்து உணவு கொடுத்தால் விழுங்குவது எளிதாகும். பாராசிட்டமால் போதாதபோது ஐபுபுரூபனையும் மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு. அதை நாமாகத் தொடங்கக் கூடாது.

வீட்டில் மீந்திருக்கும் பெரியவர்களின் வலி மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். நிமெசுலைடு மருந்தை 12 வயதுக்குட்பட்டோருக்குத் தர இந்தியாவில் 2011-இல் தடை விதிக்கப்பட்டது. டான்சில் அறுவைக்குப் பின் கோடீன் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சிலர் மூச்சு அடங்கி இறந்ததை அடுத்து, 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இத்தகைய குழந்தைகளுக்கு அதைத் தரக் கூடாது என எச்சரித்தது. சிலரின் உடல் கோடீனை மிக வேகமாக மார்பீனாக மாற்றிவிடுவதே காரணம். ஆஸ்பிரினும் குழந்தைகளுக்கு ஆகாது.

'குளிர்ச்சி ஆகாது' என்னும் நம் வழக்கத்தையும் சற்றுத் தளர்த்தலாம். ஆறிய கேழ்வரகுக் கஞ்சி, இளநீர், குழைந்த தயிர்ச் சோறு, ஐஸ்கிரீம் எல்லாம் இதம் தரும். முறுக்கும் காரமும் காத்திருக்கட்டும். ஆனால் எச்சிலில் புது இரத்தம் தெரிந்தாலோ, உறக்கத்தில் குழந்தை அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். முதல் நாளில் மட்டுமன்றி, ஐந்து முதல் பத்தாம் நாள் வரையிலும் இரத்தக் கசிவு நேரக்கூடும்.

சரியான அளவு கிடைத்த அன்று மாலையே பேரன் ஒரு தம்ளர் கஞ்சி குடித்தான். மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டுக்கு அனுப்பும்போது குழந்தையின் எடை, மருந்தின் மில்லிகிராம், மில்லிலிட்டர், கொடுக்க வேண்டிய நேரம் நான்கையும் தமிழில் எழுதித் தாருங்கள். அரைத் தாளில் அடங்கும் அந்த விவரம் எங்களிடம் இருந்திருந்தால், ஒரு குழந்தை ஐந்து நாள்கள் வீணாக வலி பொறுத்திருக்க நேர்ந்திராது.