விளையாட விடுவதற்கும் பயிற்சி வேண்டும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் கட்டிடத்தின் பின்புறச் சாலில் குடியிருக்கும் பெண் கையில் ஒரு காகிதத்துடன் வந்து நின்றார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பிறந்து வளர்ந்ததெல்லாம் மும்பை. அங்கன்வாடியில் சேவிகாவாக வேலை பார்க்கிறார். "மாமா, உங்ககிட்ட ரம்பம், இழைப்புளி எல்லாம் இருக்கே. புள்ளைங்க விளையாட கொஞ்சம் மரக்கட்டை அறுத்துத் தருவீங்களா?" என்று கேட்டார்.

அப்போதுதான் ஒரு பயிற்சிக்குப் போய் வந்திருந்தார். என்ன பயிற்சி என்று விசாரித்தேன். "விளையாட்டு மூலமா சொல்லிக் கொடுக்கிற பயிற்சி மாமா. மூணு நாளும் நாங்களே தரையில உட்கார்ந்து விளையாடினோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னக் குழந்தைகளோடு விளையாட ஒரு பயிற்சியா? அதற்குச் சர்க்கார் செலவா?

அப்படிச் சிரித்தது தவறு என்பது ஒரு மாதத்திற்குள் எனக்குப் புரிந்தது. நம் வாசகர்களில் பேரன் பேத்தி உள்ளவர்களும், பிள்ளைகளைப் பாலர் பள்ளிக்கு அனுப்பும் இளம் பெற்றோரும் நிறையப் பேர் இருப்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

கட்டையின் கணக்கு

அவர் கொண்டுவந்த காகிதத்தில் அளவுகள் இருந்தன. ஒரு கட்டை 5½ அங்குல நீளம், 2¾ அங்குல அகலம், 1⅜ அங்குல கனம். அதில் பாதி, அதைப்போல் இரு மடங்கு என்று மற்ற கட்டைகள். ரயில்வேயில் அளவுகளோடு காலம் தள்ளிய எனக்கு உடனே பொறி தட்டியது. ஒவ்வொரு அளவும் அடுத்ததில் சரியாகப் பாதி! இரண்டு குட்டைக் கட்டைகளைச் சேர்த்தால் ஒரு நெட்டைக் கட்டை. பின்னக் கணக்கை யாரும் சொல்லித் தராமலே குழந்தையின் கைக்கு அது வந்துவிடுகிறது.

இந்த அளவு, நூறு ஆண்டுகளுக்கு முன் நியூயார்க்கில் பள்ளி நடத்திய கரோலின் பிராட் என்ற அம்மையார் வகுத்தது. அவர் மரவேலை கற்றுக் கொடுத்த ஆசிரியை. அவருக்கும் முன்னோடி, கிண்டர்கார்ட்டன் என்ற பெயரைத் தந்த ஜெர்மானியர் ஃபிரோபெல் (1782–1852). நில அளவையும் கனிமப் படிக ஆராய்ச்சியும் பழகிய அவர், 2 அங்குலக் கனசதுரத்தை எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரித்துக் குழந்தைகள் கையில் கொடுத்தார். கட்டைகளை மட்டும் கொடுத்தால் போதாது, அவற்றைக் குழந்தையோடு கையாளத் தெரிந்தவர்களும் வேண்டும் என்று அவர் கண்டுகொண்டதுதான் முக்கியம். அதற்காகவே பயிற்சி வகுப்புகளையும் நடத்தினார். 1851-ல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. தடை நீங்க 1860 ஆயிற்று. ஆனாலும் அந்த முறை அழியவில்லை. பயிற்சி பெற்ற பெண்கள் அதைப் பல நாடுகளுக்கும் கொண்டு சென்றார்கள்.

ரப்பர் மரப் பலகை வாங்கி, 60 கட்டைகள் அறுத்து, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து உருட்டிக் கொடுத்தேன். அந்தப் பெண் ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்தார். சிலாம்பு இருந்த இரண்டைத் திருப்பித் தந்துவிட்டார். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஏற்ற அளவா என்று பார்க்க ஒரு வழி உண்டு. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளைக்குள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் அந்த வயதுக் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும். பட்டறையில் நாங்கள் வைத்திருந்த 'கோ, நோ-கோ' கேஜ் மாதிரிதான் இதுவும்.

பாலம் விழுந்த கதை

கட்டைகளைக் கொண்டு போய்க் கொடுத்த அன்று சற்று நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். நான்கு வயதுப் பையன் ஒருவன் இரண்டு தூண்கள் நிறுத்தி, மேலே ஒரு கட்டையை வைத்துப் பாலம் கட்டினான். தூண்களின் இடைவெளி அதிகம். கட்டை விழுந்தது. மறுபடி வைத்தான், மறுபடி விழுந்தது. எனக்குக் கை துறுதுறுத்தது. தூணைத் தள்ளி வைக்கக் கையை நீட்டினேன். "மாமா, கொஞ்சம் பொறுங்க" என்று மெல்லச் சொல்லித் தடுத்துவிட்டார் அந்தப் பெண்.

மூன்றாவது முறையும் விழுந்தது. பையன் முகம் சுருங்கியது. அப்போதுதான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏன் விழுகிறது?" என்று மராத்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பையன் கட்டையைப் பார்த்தான், இடைவெளியைப் பார்த்தான், ஒரு தூணை நகர்த்தினான். பாலம் நின்றது. பக்கத்திலிருந்த சிறுமி, தூணை நகர்த்தாமலே நெட்டைக் கட்டையை வைத்து இன்னொரு பாலம் கட்டிக் காட்டினாள்.

பிள்ளைகள் போன பிறகு அவர் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டிருந்தார். நீளத்தை ஒப்பிட்டான், மூன்று முறை தோற்றும் விடவில்லை, அடுத்த குழந்தை செய்ததைக் கவனித்தான் என்று மூன்று வரி. அத்தனை நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்த என் கண்ணில் பட்டது விழுந்த கட்டை மட்டும்தான். இரண்டு நிமிடம் பொறுத்திருக்கத் தெரியாத நான்தான் அந்த அறையில் பயிற்சி இல்லாத ஆள்.

எப்போது விலகி இருப்பது, எப்போது அருகில் போவது, என்ன கேட்பது, எதைக் கவனித்து எழுதுவது என்பதுதான் அந்தப் பயிற்சி. 2022-ல் வெளிவந்த அடிப்படை நிலைக்கான தேசியப் பாடத்திட்ட வடிவமைப்பு விளையாட்டை மூன்றாகப் பிரிக்கிறது. குழந்தையே தேர்ந்து ஆடுவது, பெரியவர் வழிகாட்ட ஆடுவது, விதிமுறைகளோடு ஆடுவது. மூன்றிலும் பெரியவரின் பங்கு வேறு வேறு. பயிற்சியில் சேவிகாக்களைத் தரையில் உட்கார்த்தி விளையாட வைத்ததும் இதற்காகத்தான். கட்டை விழும்போது வரும் எரிச்சல் தனக்கும் வந்தால்தான் குழந்தையின் எரிச்சல் புரியும்.

மேற்கு ரயில்வே வழியில் ஒரு வரலாறு

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். வக்கீல் தொழிலை விட்டுவிட்டுக் குழந்தைக் கல்விக்கு வந்த கிஜுபாய் பதேகா, 1920-ல் குஜராத்தின் பாவ்நகரில் பால மந்திர் தொடங்கினார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் 1945-ல் நம் மும்பைக்கு வடக்கே போர்டி கிராமத்துக்கு வந்தார். கோல்வட் ஸ்டேஷனில் இறங்கிப் போகவேண்டிய ஊர். ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்றதும் பள்ளியையே அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டு போனார். 'ஆங்கன்' என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற சொல்லின் பொருளே அதுதான்.

1957-ல் அவரும் அவருடைய மாணவி அனுதாய் வாக்கும் டகாணு ரோடு ஸ்டேஷனுக்கு அருகிலுள்ள கோஸ்பாட் மலைக்குச் சென்று வார்லி ஆதிவாசிக் குழந்தைகளிடையே வேலை செய்தார்கள். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி. விலையுயர்ந்த சாதனங்களுக்குப் பதிலாக விதை, இலை, கூழாங்கல், கிளிஞ்சல்.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1939-ல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து நடத்திய முதல் பயிற்சி வகுப்பில் 300-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கியும் அவர் பணியைத் தொடர்ந்தார்.

இன்றைய நிலை

1975 அக்டோபர் 2-ம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், இன்று ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகளாக வளர்ந்திருக்கிறது. 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 12-ம் வகுப்பும் அதற்கு மேலும் படித்த பணியாளர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சியும், அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு ஓராண்டு டிப்ளமோவும் வேண்டும் என்கிறது. 2023 மே மாதம் 'போஷண் பீ, படாயீ பீ' (ஊட்டமும் படிப்பும்) திட்டம் தொடங்கியது. எதிர்வீட்டுப் பெண் போய் வந்த மூன்று நாள் பயிற்சி அதில் சேர்ந்ததுதான்.

ஆறு மாதம் எங்கே, மூன்று நாள் எங்கே? ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் முதல் டிரைவர் வரை தகுதிச் சான்றிதழ் இல்லாமல் யாரும் வேலையில் இறங்க முடியாது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பயிற்சிப் பள்ளிக்குத் திரும்ப அனுப்புவார்கள். உயிர் சம்பந்தப்பட்ட வேலை என்பதால். குழந்தையின் முதல் ஆறு ஆண்டுகள் மட்டும் என்ன, குறைந்த சரக்கா? போதாததற்கு உணவு, எடை, தடுப்பூசி, கணக்குப் புத்தகங்கள் என எல்லாச் சுமையும் அந்த ஒரே பெண்ணின் தலையில். மத்திய அரசு 2018-ல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். மாநிலங்கள் மேலே கொஞ்சம் சேர்த்துத் தருகின்றன. அது சம்பளம் என்றுகூட அழைக்கப்படுவதில்லை.

நாம் செய்யக்கூடியது

குறை அரசிடம் மட்டும் இல்லை. பெரிய கட்டணம் வாங்கும் பாலர் பள்ளிகளிலும் நம்மவர்கள் முதலில் கேட்பது "ஏ, பி, சி, டி எப்போது எழுதுவான்?" என்பதுதான். பாதிப் பள்ளிகள் பெற்றோருக்குப் பயந்தே மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணிக்கின்றன. சிவப்பு மை போட்ட வீட்டுப்பாட நோட்டைக் காட்டினால் நமக்குத் திருப்தி. இனிமேல் வேறு மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் என்ன பயிற்சி பெற்றவர்கள்? கடைசியாக எப்போது மறுபயிற்சிக்குப் போனார்கள்? என் குழந்தை இந்த வாரம் எதை வைத்து விளையாடியது?

வீட்டில் பாட்டியின் பல்லாங்குழி இருந்தால் பரணிலிருந்து இறக்குங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எண்ணிக்கை பழக அதைவிட நல்ல கருவி இல்லை. கூடவே நம் தமிழும் வாயில் வரும். புளியங்கொட்டை மட்டும் கைக்குழந்தைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் சங்கத்தில் என்னைப் போல ஓய்வு பெற்ற, ரம்பம் பிடிக்கத் தெரிந்த பலர் இருக்கிறோம். மாதம் ஒரு ஞாயிறு சங்க மண்டபத்தில் கூடினால், நம் பேட்டையிலுள்ள அங்கன்வாடிகளுக்குக் கட்டைகள் செய்து கொடுத்துவிடலாம். பலகைக்கு ஆகும் செலவை நான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். கட்டைகளைக் கொண்டு போய்க் கொடுக்கும் நாளில் கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்து பாருங்கள். பாலம் விழுந்தால் கையை மட்டும் நீட்டாதீர்கள்.