சைக்கிள் வாங்கலாமா, எஸ்ஐபி போடலாமா? பொழுதுபோக்குக்கும் ஒரு கணக்கு இருக்கு!



"சார், கைக்கு 32,000 சம்பளம் வருது. வீட்டுக்கு 8,000 அனுப்பறேன். ஒரு கியர் சைக்கிள் வாங்கணும்னு ரொம்ப நாளா ஆசை. அந்தப் பணத்தை எஸ்ஐபி-யில போட்டா பின்னாடி உதவுமேன்னும் தோணுது. என்ன பண்ணட்டும்?"

இந்த மாதிரி கேள்வி நம்ம சேனலுக்கு அடிக்கடி வருது. சைக்கிளுக்குப் பதிலா கேமரா, கிட்டார், ட்ரெக்கிங் ஷூ, ஆரி ஒர்க் கிளாஸ்னு பொருள் மட்டும் மாறும். உள்ளே இருக்கிற கேள்வி ஒண்ணுதான்: வீட்டுல அப்பா அம்மா கஷ்டப்பட்டு இருக்காங்க, நான் எனக்காக செலவு பண்ணலாமா?

பண்ணலாம். ஆனா பொருளோட விலையை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. அதோட நீங்க எத்தனை மணி நேரம் இருக்கப் போறீங்கன்னு பாருங்க. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கணக்குதான்.

முதல்ல அந்த எஸ்ஐபி கணக்கு

"மாசம் 1,000 ரூபாயை 30 வருஷம் போட்டா 35 லட்சம்" என்று ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. வருஷம் 12% வருமானம் கிடைச்சா அந்தக் கணக்கு சரிதான், சுமார் 35 லட்சம் வரும். ஆனா 12% யாரும் எழுதிக் கொடுக்கறது இல்லை. இன்னொண்ணு, 30 வருஷம் கழிச்சு வர்ற 35 லட்சத்துக்கு இன்னைக்கு இருக்கிற மதிப்பு இருக்காது. விலைவாசி வருஷம் 6% ஏறினா, இன்றைய மதிப்பில் அது சுமார் 6 லட்சம்தான்.

6 லட்சம் சின்னத் தொகை இல்லை. எஸ்ஐபி போடாதீங்கன்னும் நான் சொல்லலை. சேமிப்பு முதல்ல போகட்டும். ஆனா 24 வயசுல ஒரு சைக்கிள் வாங்கினதால ஓய்வுக்காலமே போச்சுன்னு பயப்படற அளவுக்கு அந்தக் கணக்கு இல்லை.

பொழுதுபோக்குக்கு பூஜ்யம் போட்டா?

பட்ஜெட் போடும்போது பல பேர் பொழுதுபோக்குக்கு நேரா "0" எழுதிடுவாங்க. அவங்க பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தா கதை வேற மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆன்லைன்ல பிரியாணி, ஆஃபர்ல வந்த ஷூ, பார்க்கவே பார்க்காத ரெண்டு ஓடிடி சந்தா. மனசுக்கு ஓய்வு வேணும்ங்கறது மாறாது. அதுக்கு ஒரு வழி வைக்கலைன்னா, சின்னச் சின்ன ஓட்டை வழியா பணம் போயிடும்.

அந்த 32,000 சம்பளத்தையே எடுத்துக்குவோம். வீட்டுக்கு 8,000. ரூம் வாடகை பங்கு 7,000. சாப்பாடு, பஸ், போன் 8,500. சேமிப்பும் இன்ஷூரன்ஸும் 5,000. மொத்தம் 28,500. மீதி 3,500. இதுல 1,000 ரூபாயை "எனக்கு" என்று தனியா எழுதி வைங்க. வருஷத்துக்கு 12,000. வீட்டுக்கு அனுப்பறதுலயும் கை வைக்கலை, எஸ்ஐபி-யிலயும் கை வைக்கலை. பதில் சொல்லத் தேவையில்லாத பணம் அது.

ஒரே ஒரு விதிவிலக்கு. கிரெடிட் கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு பாக்கியை உருட்டிக்கிட்டு இருந்தீங்கன்னா, முதல்ல அதை அடைங்க. மாசம் 3 முதல் 3.5% வட்டின்னா வருஷத்துக்கு 40% பக்கம் போகும். அது முடியற வரைக்கும் காசு கேட்காத பொழுதுபோக்கு மட்டும். அதுவும் நிறைய இருக்கு, கீழே சொல்றேன்.

ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?

எங்க தொழில்ல ஒரு மெஷின் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்க மாட்டோம். எத்தனை வருஷம் ஓடும், பராமரிப்பு எவ்வளவு, கடைசில எவ்வளவுக்கு விற்கும் என்று பார்ப்போம். அதையே இங்கேயும் பண்ணலாம். கீழே இருக்கிறது உதாரண எண்கள்தான், உங்க விலையை நீங்க போட்டுக்குங்க.

சினிமா: டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் எல்லாம் சேர்த்து 500 ரூபாய், 3 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 167 ரூபாய்.

சைக்கிள், வாரம் ரெண்டு நாள் ஓட்டறவர்: சைக்கிள் 18,000. ஹெல்மெட், பூட்டு, லைட், பம்ப் 4,000. வருஷம் 1,500 சர்வீஸ் வீதம் 5 வருஷத்துக்கு 7,500. 5 வருஷம் கழிச்சு 6,000-க்கு விற்கறார். நிகர செலவு 23,500. மழை, ஊருக்குப் போறது எல்லாம் கழிச்சு வருஷத்துக்கு 40 வாரம், வாரம் 3 மணி நேரம்னா 5 வருஷத்துல 600 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 39 ரூபாய்.

அதே சைக்கிள், பத்து தடவை ஓட்டிட்டு பால்கனியில நிறுத்தினவர்: ஒரு வருஷம் கழிச்சு எல்லாத்தையும் சேர்த்து 10,000-க்கு விற்கறார். நஷ்டம் 12,000. ஓட்டினது மொத்தம் 15 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 800 ரூபாய்!

ஒரே கடை, ஒரே விலை, ஒரே சைக்கிள். ஒருத்தருக்கு சினிமாவை விட நாலு மடங்கு மலிவு, இன்னொருத்தருக்கு அஞ்சு மடங்கு அதிகம். அதனால "22,000 அதிகமா?" என்ற கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. "வாரம் 3 மணி நேரம் நிஜமா ஓட்டுவீங்களா?" என்ற கேள்விக்கு உங்ககிட்ட பதில் இருக்கணும்.

வாங்கறதுக்கு முன்னாடி பத்து மணி நேரம்

அந்தப் பதிலைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: இரவல் பொருளோட, பழைய பொருளோட முதல்ல பத்து மணி நேரம் செய்யுங்க.

அரசுப் பள்ளியிலயோ உதவி பெறும் பள்ளியிலயோ ப்ளஸ் ஒன் படிச்சிருந்தா, அரசு கொடுத்த இலவச சைக்கிள் ஊர்ல எங்கேயாவது தூசி படிஞ்சு நிக்கும். டயர், டியூப், பிரேக் ஷூ மாத்தி, செயினுக்கு எண்ணெய் போட்டா தெருமுனை மெக்கானிக் கடையில 1,500 ரூபாய்க்குள்ள முடியும். ஞாயித்துக்கிழமை காலையில 15 கிலோமீட்டர் போக கியர் தேவையில்லை. ஆறு வாரம் தொடர்ந்து அதுல போயிட்டீங்கன்னா, உங்களுக்கு இது பிடிச்சிருக்குன்னு அர்த்தம். அப்புறம் தாராளமா புதுசு வாங்குங்க. ரெண்டாவது வாரமே அலாரத்தை அணைச்சிட்டு தூங்கினீங்கன்னா, 20,000 ரூபாய் மிச்சம்.

கிட்டார்னா நண்பர்கிட்ட ஒரு மாசம் வாங்குங்க. போட்டோன்னா போன்ல தினமும் ஒரு படம் எடுங்க. ஆரி ஒர்க்னா ஸ்டாண்டு, மணி, ஜரி எல்லாத்தையும் முதல் நாளே வாங்கிக் குவிக்காதீங்க. ஒரு ஊசி, ஒரு சின்ன ஃபிரேம், ரெண்டு நூல் போதும், சங்கிலித் தையல் கைக்கு வரட்டும்.

புது சைக்கிள் வாங்கறவங்களுக்கு ஒரு தகவல். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதோட உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12%-லிருந்து 5%-ஆ குறைஞ்சிருக்கு. பில்லைப் பாருங்க. செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்களும் பழைய விலையை வெச்சுப் பேசாம, இன்றைய புது விலையை வெச்சுப் பேரம் பேசுங்க.

"நோ காஸ்ட் இஎம்ஐ தானே சார்?"

30,000 ரூபாய் பொருள், 6 மாசம், மாசம் 5,000. வட்டியே இல்லை மாதிரி தெரியும். உள்ளே நடக்கறது வேற. பேங்க் வட்டி போடுது, அதே அளவு தொகையை விற்பனையாளர் தள்ளுபடியா கழிக்கிறார். ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க தலையில. வருஷ வட்டி 15%-ன்னா, 6 மாசத்துல வட்டி சுமார் 1,270, ஜிஎஸ்டி 229. ப்ராசஸிங் ஃபீஸ் 199-ன்னா அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. மொத்தம் சுமார் 464 ரூபாய் கூடுதல். ஒரே தடவை பணம் கட்டினா கிடைக்கக்கூடிய தள்ளுபடி ஏதாவது இருந்தா அதுவும் போச்சு.

464 ரூபாய் பெரிசு இல்லைதான். ஆனா 1,000 ரூபாய் பட்ஜெட்ல 5,000 இஎம்ஐ உட்கார்ந்தா, மீதி 4,000 எங்கேயிருந்து வரும்? வீட்டுக்கு அனுப்பற பணத்துல இருந்தோ எஸ்ஐபி-யில இருந்தோதான். அதுக்குப் பதிலா அந்த மாசம் 1,000-ஐ ஒரு ஆர்டி-யில போட்டுக்கிட்டே வாங்க. காத்திருக்கிற காலம் வீண் இல்லை, அதுதான் உங்க பத்து மணி நேர சோதனைக் காலம்.

காசு கேட்காத ஞாயிற்றுக்கிழமைகள்

பறவை பார்க்கறது: சென்னையில பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஐடி ஆபீஸ்களுக்கு நடுவிலேயே இருக்கு. குளிர்காலத்துல கூழைக்கடா, பூநாரை எல்லாம் பார்க்கலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தோட மெர்லின் ஆப் இலவசம், சத்தத்தை வெச்சே பறவை பேர் சொல்லும். வருஷா வருஷம் பிப்ரவரியில நாலு நாள் உலகம் முழுக்க ஒரு பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 15 நிமிஷம் மொட்டை மாடியில நின்னு எண்ணினாலே கலந்துக்கலாம்.

நூலகம்: சென்னை கோட்டூர்புரத்துல அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில கலைஞர் நூற்றாண்டு நூலகம். உள்ளே போய் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்க கட்டணம் கிடையாது.

மலையேற்றம்: இதுக்கு காசு ஆகும், ஆனா ஒழுங்கான வழி இருக்கு. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தை 40 பாதைகளோட ஆரம்பிச்சது. எளிது, நடுத்தரம், கடினம்னு பிரிச்சிருக்காங்க. ஆன்லைன்ல பதிவு பண்ணினா வழிகாட்டி கூட வருவார். யாரோ வாட்ஸ்அப் குரூப்ல கூப்பிட்டாங்கன்னு அனுமதி இல்லாத காட்டுக்குள்ள போகாதீங்க. 2018 மார்ச்ல தேனி குரங்கணி காட்டுத்தீயில மலையேறப் போனவங்க உயிரிழந்ததை மறக்கக் கூடாது.

வெளியே கிளம்பறதுக்கு முன்னாடி: 20 ரூபாய்

விடியற்காலை ஈசிஆர்-ல ஓட்டறவங்க ஹெல்மெட்டும், முன்னாடி வெள்ளை விளக்கும், பின்னாடி சிவப்பு விளக்கும் இல்லாம போகாதீங்க. ஹாபி பட்ஜெட்ல முதல் செலவு இதுதான்.

அடுத்தது, உங்க பேங்க்ல பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா இருக்கான்னு பாருங்க. 18 முதல் 70 வயசு வரை சேரலாம். வருஷ பிரீமியம் 20 ரூபாய். விபத்துல மரணம் அல்லது முழு ஊனம்னா 2 லட்சம், பகுதி ஊனம்னா 1 லட்சம். உங்க சம்பளத்தை நம்பி ஒரு குடும்பம் இருந்தா 2 லட்சம் போதாது. டேர்ம் இன்ஷூரன்ஸும், தனியா ஒரு பெர்சனல் ஆக்சிடென்ட் பாலிசியும் எடுங்க. அந்த பாலிசியில சாகச விளையாட்டுகளுக்கு விலக்கு இருக்கலாம். மலையேறறவங்க அந்தப் பக்கத்தைப் படிச்சிட்டு கையெழுத்து போடுங்க.

ஹாபியே காசு கொடுக்க ஆரம்பிச்சா?

ஆரி ஒர்க், குரோஷா, டெரகோட்டா நகை, சில்க் த்ரெட் வளையல். முதல்ல தங்கச்சிக்கு, அப்புறம் ஆபீஸ் தோழிக்கு, அப்புறம் இன்ஸ்டாகிராம்ல ஆர்டர். இங்கே நாலு விஷயம்.

1. உங்க கூலியை கணக்குல சேருங்க. ஒரு பிளவுஸ் 2,000 ரூபாய், பொருள் செலவு 550, உழைப்பு 14 மணி நேரம்னா, உங்களுக்குக் கிடைக்கறது மணிக்கு சுமார் 104 ரூபாய். பிடிச்ச வேலைன்னா அது ஓகே. ஆனா முகூர்த்த சீசன்ல ராத்திரி 1 மணி வரைக்கும் உட்கார்ந்து முதுகு வலிக்குதுன்னா, அது பொழுதுபோக்கு இல்லை, குறைஞ்ச சம்பளத்துல ரெண்டாவது வேலை. விலையை ஏத்துங்க, இல்லைன்னா மாசம் ரெண்டு ஆர்டர் போதும்னு நிறுத்துங்க.

2. லாபம் தொழில் வருமானம்தான். ஜிபே-ல வந்தாலும், தெரிஞ்சவங்க அனுப்பினாலும் அது கிஃப்ட் ஆகாது. சம்பளத்துக்கு மட்டும் போடற ஐடிஆர்-1 இதுக்கு செல்லாது. சின்ன அளவுல விற்கறவங்க அனுமான வருமான முறையில ஐடிஆர்-4 போடலாம். டிஜிட்டலா வந்த விற்பனையில குறைந்தபட்சம் 6%, ரொக்கத்துல 8% லாபமா காட்டணும். நிஜ லாபம் அதிகம்னா அதைக் காட்டறதுதான் நல்லது. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில மொத்த வருமானம் 12 லட்சம் வரை வரி வராது. அதனால நம்மில் பலருக்கு டேக்ஸ் பூஜ்யமா இருக்கும். ஆனா ரிட்டர்ன்ல காட்டணும்.

3. ஜிஎஸ்டி: தமிழ்நாட்டுக்குள்ள பொருள் மட்டும் விற்கறவங்களுக்கு வருஷம் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஷாப்பிங் ஆப் வழியாகவோ வெளிமாநிலத்துக்கோ விற்கறதுக்கு தனி விதிகள் உண்டு, ஆரம்பிக்கும் முன்னாடியே ஒரு ஆடிட்டரைக் கேளுங்க.

4. உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படிங்க. வெளி வருமானத்துக்கு கம்பெனி அனுமதி வேணும்னு இருந்தா, ஒரு மெயில் போட்டு வாங்கிடுங்க. இந்த வரவுக்கு ஒரு தனி சேவிங்ஸ் அக்கவுன்ட் வெச்சுக்கிட்டா, வருஷக் கடைசில தலைவலி இல்லை.

இன்னொரு கேள்வியும் வரும்: "சைக்கிள்ல ஆபீஸ் போறேன், அந்தச் செலவை சம்பளத்துல கழிக்கலாமா?" முடியாது.

இந்த வாரம் பண்ண வேண்டியது

ஒரு பேப்பர்ல மூணு வரி எழுதுங்க. ஒண்ணு, மாசம் எவ்வளவு ஒதுக்கறீங்க. ரெண்டு, வாரத்துல எந்த நாள், எத்தனை மணி நேரம். மூணு, வீட்டுல ஏற்கெனவே வாங்கி தூங்கிட்டு இருக்கிற பொருள் என்ன. மூணாவது வரியில ஏதாவது வந்துச்சுன்னா, புதுசா எதுவும் வாங்க வேண்டாம். முதல்ல அதை எடுத்து பத்து மணி நேரம் பயன்படுத்துங்க, இல்லைன்னா வித்துடுங்க.

சைக்கிள் கேட்ட நண்பருக்கு: மாசம் 1,000 ஆர்டி இன்னைக்கே ஆரம்பிங்க. ஊர்ல இருக்கிற பழைய சைக்கிளை அடுத்த தடவை போகும்போது கொண்டு வாங்க. அடுத்த வருஷம் இதே நேரத்துல அதே ஆசை இருந்தா, கையில 12,000-க்கு மேல இருக்கும். ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் கியர் சைக்கிளுக்கு அது போதும். வீட்டுக்கு அனுப்பற 8,000-ல ஒரு ரூபா குறைஞ்சிருக்காது.

உங்க பொழுதுபோக்கு மணிக்கு எத்தனை ரூபாய்னு கணக்கு போட்டு எழுதி அனுப்புங்க. ஐடிஆர்-4 படிப்படியா போடறதை ஒரு தனி வீடியோவுல பார்க்கலாம்.