விவாகரத்து: போனில் வாங்க முடியுமா?

"சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை. போனிலேயே படிவம் நிரப்பி விவாகரத்து எடுக்கலாமாமே?" என்று எம்மிடம் கேட்கிறார்கள். அந்தப் படிவங்கள் வெளிநாட்டுச் சட்டத்துக்கானவை. இங்கே எங்கள் விவாகத்தை மாவட்ட நீதிமன்றம்தான் ரத்துச் செய்யும். கடுகண்ணாவைப் பகுதியார் கண்டிக்குப் போக வேண்டும்.

"பக்கத்து ஊரில சிங்களக் குடும்பம் கோர்ட்டுக்குப் போகாமலே பிரிஞ்சாங்களே" என்பீர்கள். உண்மைதான். 1952 ஆம் ஆண்டின் கண்டிய விவாகச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரே அதைச் செய்யலாம். ஆனால் அது கண்டிச் சிங்களவருக்கு மட்டும். நமக்குள்ளது 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். பிறரோடு தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, மணக்கும்போதே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை, இந்த மூன்றில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். ஒத்துவரவில்லை என்பது மட்டும் போதாது.

தலைவர் முன்னாலோ பொலிசிலோ எழுதிக் கொடுத்துப் பிரிவது விவாகரத்து ஆகாது. அதை நம்பி மறுபடி கட்டினால் அந்தக் கல்யாணம் செல்லாது. ஏழு வருடம் வரை சிறையும் உண்டு. லயத்தில் இதுதான் அதிகம் நடக்கிறது.

காசில்லாதவர்கள் கண்டியிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்களே சட்டத்தரணி தருவார்கள். விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சம்பளச் சிட்டை எல்லாம் கையில் இருக்கட்டும்.

புருஷன் செலவுக்குத் தரவில்லையா? விவாகரத்து வரைக்கும் காத்திருக்காதீர்கள். 1999 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் இப்போதே கேட்கலாம்.