தனியாப் போறீங்களா, பிரதர்?

ஞாயிற்றுக்கிழமை. கல்யாணமான நண்பர்கள் யாரும் வரவில்லை (வீட்டில் சாங்ஷன் ஆகலையாம்!). கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்து, தனி ஆளாகப் பழவேற்காடு போய்விட்டேன். முதல் தடவை தனியாக டூர் கிளம்புகிறவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். காலையில் போனால் ராத்திரி வீட்டுச் சாப்பாடு!

1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். கோட்டை போச்சு, கல்லறைத் தோட்டம் இருக்கு. வாசலிலேயே இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் நின்று வரவேற்கின்றன. மத்தியான வெயிலிலும் முதுகு ஜில்லென்றது.

ஏரிக்கரையில் ஒருவர், "சார், முகத்துவாரம் வரைக்கும் போய்ட்டு வரலாமா? ஒரே ஆளுதானே, ரேட் கம்மி" என்றார். ஆசைதான்.

"லைஃப் ஜாக்கெட்?"

"நான் இருக்கேன் சார்!"

2011 கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். லைஃப் ஜாக்கெட் இல்லை. அதன்பிறகு சவாரிக்கே தடை போட்டார்கள். அவர்களையாவது தேட ஆள் இருந்தது. நான் கவிழ்ந்தால் 'ஒரு தலை குறையுதே' என்று எண்ணிப் பார்க்க யார்? பி.காம். மூளை கணக்குப் போட்டது. நஷ்டம்! கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவிடமிருந்து போன். "எங்கேடா இருக்கே?"

கிளம்பும்போது யாரிடமும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.